அழாத பிள்ளையின் சரித்திரம்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்த் திருக்காமீசுவரர் ஆலயத்தின் பெருமையைச் சொல்லப் புகுகிறவர்கள் பெரும்பாலும் தேரோடு தொடங்குவார்கள். பிரெஞ்சுக் கவர்னர்கள் வடம் பிடித்து, அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் துணைநிலை ஆளுநர்கள் வடம் பிடிப்பதாகத் தொடர்ந்து வருகிற அந்தத் திருவிழா சொல்லத் தகுந்ததே. ஆனால் கொடியும் கொட்டும் இல்லாத ஒரு சாதாரண நாளில் அந்த ஆலயத்துக்குப் போய்ச் சற்று நேரம் நின்று பார்ப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகளும் அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிற தாய்மார்களும், பிரசவ நந்தி என்று பெயர் வழங்குகிற நந்தியின் முன் கண்மூடி நின்று, செல்வத்தையோ ஆயுளையோ கேளாமல், இரண்டு உயிரும் நல்லபடியாகப் பிரிய வேண்டும் என்று மாத்திரம் வேண்டிக்கொள்வதைக் காண்பார்கள். எத்தனை தலைமுறைப் பெண்களின் அச்சம் அந்தக் கல்லின் முன் இறக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது, வில்லியனூருக்கும் பாகூருக்கும் அரசர்களையும் யுத்தங்களையும் கொண்டு எழுதப்பட்ட சரித்திரத்தைத் தவிர வேறொரு சரித்திரமும் உண்டு என்பது விளங்கும். பாகூரில் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் ஒன்பதாம் நூற்றாண்டில் வித்தியாஸ்தானம் ஒன்றுக்கு மூன்று கிராமங்களைத் தானம் செய்ததைச் செப்பேடு காட்டுகிறது; 1752ஆம் ஆண்டில் அதே பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டதைப் புத்தகங்கள் விவரிக்கின்றன. அந்த வருஷத்தில் பாகூர் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை பிறந்தும் அழவில்லை என்பதைச் செப்பேடும் காட்டாது, புத்தகமும் விவரியாது.

அழுகை என்ற சொல்லை நாம் துக்கத்தோடு சேர்த்தே பழகியிருக்கிறோம். பிரசவ அறையில் மட்டும் அது மங்களச் சொல். ஒரு வீட்டில் இடுப்புவலி கண்டுவிட்டால், ஆண்கள் திண்ணைக்கும் தெருவுக்கும் ஒதுங்கிவிட, மருத்துவச்சியும் அனுபவப்பட்ட பெண்கள் இரண்டொருவரும் உள்ளறைக்குள் இருக்க, அடுப்பில் வெந்நீர் கொதிக்க, வெளியே இருந்தவர்களின் செவியெல்லாம் சாத்திய கதவின் மேலேயே பதிந்து கிடந்த காலம் நமக்கு வெகு தொலைவில் இல்லை. இந்த ஊர்களில் இன்று எழுபது வயதைக் கடந்து நிற்பவர்களில் பலர் அப்படிப்பட்ட அறைகளில் பூமியைத் தொட்டவர்களே. ஆணா பெண்ணா என்பது இரண்டாவது கேள்வி. குரல் கேட்டதா என்பதே முதற்கேள்வி. குரல் கேட்கத் தாமதமாகிற ஒவ்வொரு கணமும், உள்ளே இருந்த ஒரே ஒருவரின் கைத்திறமையின் மேல் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் நின்றது.

அந்த ஒருவர் மருத்துவச்சி. சிகைத்தொழிலையும் ரணவைத்தியத்தையும் குலத்தொழிலாகக் கொண்டு, அதனாலேயே மருத்துவர் என்று பெயர் பெற்ற குலத்தில் பிறந்து, தாயிடமோ மாமியாரிடமோ கைவேலையாகக் கற்றுக்கொண்டு, எழுத்தறியாமலே ஒரு சாஸ்திரத்தை விரல்நுனியில் வைத்திருந்தவர். நடுநிசியில் அரிக்கன் விளக்கோடு யார் வந்து கதவைத் தட்டினாலும், ஏரிக்கரை வழியாகவோ வரப்பு வழியாகவோ, மழையானாலும் பனியானாலும், உடனே புறப்பட்டுப் போக வேண்டியது அவருடைய தர்மம். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து கொடுக்கிற நெல்லும், பிள்ளை பெற்ற வீட்டார் தருகிற புடவையும், வெற்றிலை பாக்கோடு வைக்கிற சில்லறையும் அவருடைய ஊதியம். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் விழுந்து அழுதவர்களாயிருந்தும், பிரசவத் தீட்டைத் தொடுகிறவர் என்பதற்காகவும் குலத்துக்காகவும் அவரைச் சமமாக உட்காரவைத்து ஒருவேளை அன்னமிட அந்த ஊருக்கு மனம் வரவில்லை. இதை மூடி மறைத்துவிட்டு அவர்களுடைய திறமையை மாத்திரம் புகழ்வது நேர்மையாகாது.

அழாத பிள்ளை கையில் வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்? வாயினுள் விரலிட்டு வழித்துச் சளியை அகற்றுவது, கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, உள்ளங்காலிலும் முதுகிலும் தட்டுவது, முகத்தில் குளிர்ந்த நீரைத் தெளிப்பது என்று நாடெங்கும் வழங்கிய முறைகள் நம் பக்கத்திலும் வழங்கின. இந்தியாவின் பல பகுதிகளில், தொப்புள்கொடியை அறுக்காமல் நச்சுக்கொடியைச் சூடுபடுத்தினால் அந்தச் சூட்டின் வழியே உயிர் பிள்ளைக்குள் ஏறும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இவற்றில் சில பயனுள்ளவை, சில வீணானவை, சில கெடுதலானவை என்று இன்று வைத்தியர்கள் பிரித்துச் சொல்வார்கள். சரகர் பெயரால் வழங்குகிற சம்ஹிதையின் சாரீரஸ்தானத்தைப் பார்த்தால், பிறந்த சிசு அசைவற்றிருக்கும்போது அதன் காதருகே கற்களை ஒன்றோடொன்று தட்டி ஓசை எழுப்பவும், முகத்தில் குளிர்ந்த நீரையோ வெந்நீரையோ தெளிக்கவும், மூச்சு வரும்வரை முறத்தால் விசிறவும் விதி கூறப்பட்டிருக்கிறது. எழுத்து வாசனையே இல்லாத கிராமத்து மருத்துவச்சியின் கைக்கும் வடமொழிச் சம்ஹிதைக்கும் இடையே உள்ள இந்த ஒற்றுமை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த நூலும் முதலில் ஒருத்தியின் கையிலிருந்தே கற்றிருக்கும்.

அவர்களுக்குத் தெரியாமற்போனது ஒன்று உண்டு; அது அவர்களுக்கு மாத்திரமல்ல, அன்றைய உலகத்தில் எவருக்குமே தெரியாது. கால் நாழிகைக்குப் பிறகு ஒருவழியாக மூச்சு வந்து, முனகி, பிறகு அழவும் செய்த பிள்ளையைக் கண்டு வீடே பெருமூச்சு விட்டு, சேனை தொட்டுவைத்துச் சர்க்கரை வழங்கிய பிறகு, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்தப் பிள்ளை பால் குடிக்க மறுக்கும். கண் ஒருபக்கமாகச் செருகும். கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். பட்சி தோஷம் என்பார்கள். வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள். பிழைத்துக்கொண்டால், கழுத்து நிற்க வேண்டிய மாதத்தில் நிற்காது, உட்கார வேண்டிய மாதத்தில் உட்காராது. பிறகு ஆண்டுக்கணக்கில் அந்தத் தாயின் இடுப்பிலேயே அந்தப் பிள்ளை வளரும். கிரகணத்தில் வெளியே போனாள், உச்சிப் பொழுதில் புளியமரத்தடியில் நின்றாள் என்று குற்றமெல்லாம் அவள் தலையில் ஏறும். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்று சொல்லி, எண்ணெயில் அதன் முகத்தைப் பார்த்த பிறகே தாய்மாமன் பிள்ளையை நேரே பார்க்க வேண்டும் என்று ஒரு சடங்கையும் வைத்தார்கள். கழுத்தில் கொடி சுற்றியதால் ஆபத்து பிள்ளைக்கே என்பதும், அது மாமன் வீட்டை நோக்கிப் போகாமல் பிள்ளையின் மூளையை நோக்கிப் போகிறது என்பதும் அறியாத காலத்தின் சடங்கு அது.

மேல்நாட்டிலும் நிலைமை வெகுகாலம் இவ்வாறே இருந்தது. கடினமான பிரசவத்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் பிற்காலத்தில் கைகால் விறைத்துப் போகிற நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று வில்லியம் ஜான் லிட்டில் என்ற லண்டன் வைத்தியர் எடுத்துக்காட்டியது 1860களின் தொடக்கத்தில்தான். பிறந்த பிள்ளையின் நிறம், நாடி, தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, தசையின் வலு, மூச்சு ஆகிய ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் முறையை அமெரிக்க மயக்க மருந்து நிபுணரான வர்ஜீனியா அப்கார் அம்மையார் 1953இல் வெளியிட்ட பிறகே, அழாத பிள்ளையை எல்லா நாட்டு வைத்தியர்களும் ஒரே அளவுகோலால் அளக்க முடிந்தது. 1847இல் எடின்பரோவில் பிரசவ வேதனைக்கு முதன்முதல் குளோரபாரம் கொடுத்த ஜேம்ஸ் சிம்சன் பிரசவ வைத்தியர்; பிறந்த பிள்ளைக்கு அளவுகோல் செய்துகொடுத்தவரோ மயக்க மருந்தின் நிபுணர். இந்த இரண்டு துறைகளும் பிரசவ அறையில் சந்தித்துக்கொண்டே வந்திருக்கின்றன என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வருகிற ஒரு வாயுவின் கதைக்கு அது வேண்டும்.

இதற்கிடையில் நம் கிராமங்களை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். புதுச்சேரியில் அவர்கள் வைத்தியக் கல்விக்கூடம் நிறுவியது 1823ஆம் ஆண்டு. கல்கத்தாவிலும் சென்னையிலும் ஆங்கிலேயர் 1835இல் மருத்துவக் கல்விக்கூடம் அமைப்பதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பே அது தோன்றிவிட்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை வந்தபோது வில்லியனூருக்கு ரயில் கிடைத்தது. மறு ஆண்டு மார்ச்சு மாத அரசாணையால் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகியவை கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவுகளாயின. ஒவ்வொன்றுக்கும் மேர் என்ற நகரத் தலைவரும், மேரி என்ற அலுவலகமும், ஜனன மரணப் பதிவேடும் ஏற்பட்டன. இவ்வளவு இருந்தும் வலி கண்ட ஒரு பாகூர்ப் பெண்ணுக்கு அவற்றால் விளைந்த நன்மை சொற்பம். புதுச்சேரி நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போவதென்றால் இருபது கிலோமீட்டர். அதைவிடக் கிட்டத்தில் இருந்த கடலூரோ பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தது. தென்னாற்காடு ஜில்லாவின் கிராமங்களோடு திட்டுத் திட்டாகப் பின்னிக் கிடந்த பிரெஞ்சு மண்ணில், ஒருவனுடைய வீடு ஒரு ராஜ்யத்திலும் வயல் வேறொரு ராஜ்யத்திலும் இருந்த விசித்திரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த எல்லைகளையெல்லாம் அனுமதிச் சீட்டுக் கேளாமல் கடந்து இருபுறமும் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர்கள் மருத்துவச்சிகளே என்பதை யாராவது எழுதியிருந்தால் எத்தனை நன்றாயிருக்கும்!

மேரிப் பதிவேடுகளிலிருந்தாவது பழைய நிலையை ஒருவாறு கணித்துவிடலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு தடை காத்திருக்கிறது. நெப்போலியன் காலத்தில், 1806ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிறந்த ஓர் அரசாணையின்படி, பிறப்பைப் பதிவு செய்யுமுன்பே இறந்துபோன குழந்தையை உயிரின்றிக் காட்டப்பட்ட குழந்தை என்று மாத்திரமே பிரெஞ்சுப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. அது மூச்சு விட்டு இறந்ததா, மூச்சே விடாமல் இறந்ததா என்பதைப் பதிவு செய்கிற அதிகாரி தீர்மானிக்கக் கூடாது என்றிருந்தது. சொத்துரிமை வழக்குகளை நினைத்துச் செய்யப்பட்ட விதி அது. நாம் எதை அறிய விரும்புகிறோமோ அதே இடத்தில் மௌனமாகிவிட வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டுவிட்டதால், வில்லியனூரிலும் பாகூரிலும் முதல் மூச்சுக்காக நடந்த போராட்டங்களின் கணக்கு, எழுதப்பட்ட ஏடுகளில் கிடைக்க வழியில்லாமற் போயிற்று.

1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூருக்கு அப்பால் உள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களிக்க, நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறியது. பழைய பிரெஞ்சு வைத்தியக் கல்விக்கூடம் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964 ஜூலை 13ஆம் நாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அவர்களால் ஜிப்மர் என்று திறந்துவைக்கப்பட்டது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இராமநாதபுரத்தில் அந்த நிறுவனம் ஒரு கிராம சுகாதார நிலையத்தையும் நடத்தியது. தெருவுக்குத் தெரு சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் வந்த நர்சம்மா, கர்ப்பிணிகளின் பெயரைப் பேரேட்டில் எழுதிக்கொண்டு, ஊசி போட்டு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். எழுபதுகளின் பிற்பகுதியில் அரசாங்கமே மருத்துவச்சிகளைக் கூட்டிப் பயிற்சி தந்து, சுத்தமான கை, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல் என்று போதித்துப் பெட்டியும் கொடுத்தது. அதன் பின் முப்பது வருஷங்களில் சாலைகள் வந்தன, ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவும் பகலும் திறந்திருந்தன, 108 வண்டி வந்தது. பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகளே எழுந்தன. வீட்டுப் பிரசவம் என்பது இவ்வூர்களில் ஏறத்தாழ அற்றுப்போய்விட்டது. ஆயிரம் வருஷத்துத் தொழில் ஒன்று ஒரு தலைமுறைக்குள் சத்தமின்றி மறைந்தது. அதை நினைத்து நான் துக்கப்படவில்லை, தாய்மார்கள் பிழைத்தார்கள். நன்றி சொல்லாமலே மறந்தோமே என்பதுதான் என் மனத்தாங்கல்.

இனி வாயுவின் கதை. 1898ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லண்டனில் வில்லியம் ராம்சேயும் அவருடைய துணைவர் மோரிஸ் டிராவர்சும், திரவமாக்கிய காற்றிலிருந்து கிடைத்த கிரிப்டான் வாயுவைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தபோது, எஞ்சிய மிச்சத்தில் ஒரு புதிய வாயுவைக் கண்டு, அந்நியன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குச் செனான் என்று பெயரிட்டார்கள். நாம் சுவாசிக்கிற காற்றில் ஏறக்குறைய 1 கோடியே 15 லட்சம் பங்குக்கு ஒரே ஒரு பங்கு அது. நிறமில்லை, மணமில்லை, எதனோடும் எளிதில் சேர்வதுமில்லை. அந்த இருவருக்கும் நம் தென்னாட்டோடு ஒரு சம்பந்தம் உண்டு. ஜம்சேத்ஜி டாடா விரும்பிய விஞ்ஞானக் கழகத்தை எங்கே அமைக்கலாம் என்று ஆராய 1900இல் இந்தியாவுக்கு வந்து, பெங்களூரைச் சிபாரிசு செய்தவர் ராம்சே. 1906இல் அந்தக் கழகத்தின் முதல் இயக்குநராக நியமனம் பெற்று 1914 வரை பதவி வகித்தவர் டிராவர்ஸ். தாம் கண்டெடுத்த அந்நியன் ஒருநாள் மூச்சு முட்டிப் பிறந்த சிசுவின் தொட்டிலருகே அழைக்கப்படுவான் என்று பெங்களூரில் வாழ்ந்த அந்த எட்டு வருஷங்களில் அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

செனானை மனிதர் சுவாசித்தால் மயக்கம் வரும் என்பதை அமெரிக்காவின் அயோவாவில் கல்லனும் கிராசும் 1951இல் காட்டினார்கள். எதனோடும் சேராத வாயு மூளையை எப்படி மயக்குகிறது என்ற புதிருக்கு விடை 1998இல் லண்டனில் நிக்கொலஸ் பிராங்க்சின் குழுவினரிடமிருந்து வந்தது. மூளையின் நரம்பணுக்களில் என்.எம்.டி.ஏ. என்ற பெயருடைய வாசல்களை அது அடைத்துவிடுகிறது. இந்த விடையின் முக்கியத்துவத்தை உணர வேண்டுமானால், பிராணவாயு இன்றித் தவித்த சிசுவின் மூளையில் நடப்பதைச் சிறிது அறிய வேண்டும். மூச்சு நின்ற நிமிஷங்களிலேயே எல்லா நாசமும் முடிந்துவிடுவதில்லை. மூச்சும் இரத்த ஓட்டமும் திரும்பியபின் மூளை ஓரளவு தேறியதுபோல் சுமார் ஆறு மணி நேரம் அமைதியாக இருக்கும். அதன் பிறகு, குளுட்டமேட் என்ற ரசாயனம் அந்த வாசல்களை ஓயாமல் தட்டித் திறக்க, அவற்றின் வழியே சுண்ணச்சத்து அணுக்களுக்குள் வெள்ளமாகப் புகுந்து, அடுத்த மூன்று நாட்களில் முன்னதைவிடப் பெரிய நாசத்தை விளைவிக்கும். இரண்டாம் நாள் வெட்டி இழுத்ததையும் பட்சி தோஷம் என்று கிராமம் பெயரிட்டதையும் மேலே சொன்னேன் அல்லவா? அந்த இரண்டாம் நாளின் ரகசியம் இதுவே. பிள்ளை அழுதுவிட்டது, கண்டம் கழிந்தது என்று வீட்டார் நிம்மதியாகத் தூங்கிய அதே ஆறு மணி நேரந்தான், காப்பாற்றுவதற்குக் கிடைத்திருந்த காலம். யாருடைய குற்றமுமல்ல, ஆனாலும் இதைப் படித்த நாளில், பல வருஷங்கள் இடுப்பில் பிள்ளையைச் சுமந்த தாய்மாரை நினைத்து எனக்கு வெகுநேரம் மனம் அமைதி கொள்ளவில்லை.

அந்த ஆறு மணி நேரத்துக்குள் செய்யத் தகுந்த முதற்சிகிச்சையாக உலகம் ஏற்றுக்கொண்டது குளிர்ச்சியை. ஸ்வீடனில் பியோர்ன் வெஸ்டின் 1950களிலேயே மூச்சு வராத சிசுக்களைக் குளிர்ந்த நீரில் ஆழ்த்திப் பார்த்தார். பிறகு அம்முறை கைவிடப்பட்டு, பல பத்தாண்டுகளுக்குப் பின் புதிய வடிவில் திரும்பியது. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, உடலின் உஷ்ணத்தை 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருந்தால், அப்படிச் செய்யப்பட்ட ஏழு குழந்தைகளில் ஒரு குழந்தை வீதம் மரணத்திலிருந்தோ பெரும் ஊனத்திலிருந்தோ தப்புகிறது என்று 2005 முதல் வெளிவந்த மேல்நாட்டுச் சோதனைகள் காட்டின. குளிர்ச்சி மூளையின் பசியைக் குறைக்கிறது. செனான் நாசத்தின் வாசலை அடைக்கிறது. இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. பிரிஸ்டல் நகரத்துப் புனித மைக்கேல் மருத்துவமனையில், மேரியான் தோரசன் அம்மையாரும், அந்த அரிய வாயுவில் சிறிதும் வீணாகாமல் குழந்தை விட்ட மூச்சிலிருந்தே அதை மீட்டுச் சுற்றவிடும் கருவியை அமைத்த ஜான் டிங்லியும், 2010 ஏப்ரலில் முதன்முதலாக ஒரு சிசுவுக்குச் செனானைச் சுவாசமாகக் கொடுத்தார்கள். எங்கும் பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் 92 குழந்தைகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்த சோதனையின் முடிவு 2016இல் வெளியானபோது, குளிர்ச்சியோடு 24 மணி நேரம் செனானும் கொடுத்ததால் தீங்கு நேரவில்லை, கூடுதல் நன்மையும் காணப்படவில்லை என்று ஏற்பட்டது. வாயுவைத் தொடங்கப் பிறந்ததிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை இடம் கொடுத்ததுதான் பிழை, முந்திக் கொடுத்திருந்தால் பலன் கிடைத்திருக்கும் என்று கருதுகிற விஞ்ஞானிகளும் உண்டு. அந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை; மருத்துவச்சிகளின் காலத்திலிருந்தே இந்த விஷயத்தில் காலந்தான் சத்துருவாக இருந்து வந்திருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். விலையுயர்ந்த குளிரூட்டும் இயந்திரம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஜிப்மரின் சிசு வைத்தியத் துறையில் விஷ்ணு பட்டும் அவருடைய குழுவினரும் கண்ட உபாயம் எளிமையானது: குளிர்விக்கப்பட்ட ஜெல் பொதிகளைத் துணியில் சுற்றிக் குழந்தையருகே வைத்து, 33 முதல் 34 டிகிரிக்குள் 72 மணி நேரம் உஷ்ணத்தைக் காத்தல். 130 குழந்தைகளைக் கொண்ட அந்தச் சோதனை நற்பலன் கண்டு 2012இல் வெளியாயிற்று. இயந்திரத்துக்குப் பதிலாக மனிதக் கையும் இமை கொட்டாத கவனிப்பும் செய்த வேலை அது. அதில் பழைய மருத்துவச்சியின் குணம் ஒன்றை நான் காண்கிறேன். ஆயினும் கதை இங்கே முடியவில்லை. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில், சென்னையின் அரசு மருத்துவமனைகளும் பங்குகொள்ள, 408 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஹீலிக்ஸ் என்ற பெருஞ்சோதனையின் முடிவு 2021இல் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் நூற்றுக்கு 42 இறந்தன, குளிர்விக்காதவற்றில் 31. மேல்நாட்டில் உயிர் காத்த சிகிச்சை இந்தப் பிரதேசத்தில் உயிருக்குக் கேடாய் முடிந்திருக்கிறது.

ஏன் இப்படி என்பதற்கு ஆராய்ச்சியாளர் காட்டுகிற காரணங்களில் என்னை மிகவும் உலுக்கியது ஒன்று: நம் நாட்டுக் குழந்தைகள் பலவற்றின் மூளைச்சேதம் பிரசவத்தின் கடைசி நிமிஷங்களில் நேர்ந்ததாய் இல்லாமல், வலி நீடித்த மணி நேரங்களிலோ, அதற்கும் முன்பே கர்ப்பத்திலோ மெல்ல மெல்ல நேர்ந்ததாய் இருக்கலாம். அப்படியானால் ஆறு மணி நேரக் கெடு பிள்ளை பிறக்குமுன்பே கடந்துபோயிருக்கும். குளிர்ச்சியோ செனானோ அதற்குப் பிறகு வந்து என்ன செய்யும்? தாயின் இரத்தத்தில் சத்தில்லை, அவள் கர்ப்பத்தில் போதிய அளவு உண்ணவில்லை, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்ததை அவள் சொன்னபோது யாரும் செவிசாய்க்கவில்லை, நாற்று நடவு முடியட்டும் என்று பரிசோதனை தள்ளிப்போயிற்று என்பவையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே இரும்பாலைகளுக்குப் பிராணவாயு பிரிக்கும் ஆலைகளில் சிறுகச் சிறுகச் சேகரிக்கப்படுகிற அந்த அபூர்வ வாயு என்றாவது நம் ஊருக்கு மலிவாக வந்து சேர்வதற்கு முன்பே, பாகூர் ஏரிப்பாசனத்தில் களையெடுக்கிற ஒரு பெண் ஒன்பது மாதமும் வயிறார உண்டு, நேரத்தில் வண்டி ஏறி, பிள்ளையின் இதயத்துடிப்பை விடாமல் கேட்கத் தெரிந்த ஒரு செவிலியரின் பக்கத்தில் பிரசவிப்பதால் கிடைக்கிற பாதுகாப்பே, இன்று அந்தப் பிள்ளையின் மூளைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு என்பது என் திடமான அபிப்பிராயம். பிறந்த முதல் நிமிஷத்துக்குள் பிள்ளையைச் சுவாசிக்க வைக்கும் பயிற்சியை அரசாங்கம் 2009 முதல் செவிலியர்களுக்கு நாடெங்கும் அளித்து வருகிறது. முகமூடியும் காற்றுப்பையும் கொண்டு காற்றூட்டுகிற அந்தச் செவிலியரின் கை, ஒரு காலத்தில் அரிக்கன் விளக்கொளியில் விரலால் சளி வழித்த கையின் வாரிசு.

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தில், பிரசவம் பார்த்த கிழவி யாரேனும் இன்னும் உயிரோடு இருக்கலாம். இல்லையேல் அவருடைய மகளோ மருமகளோ இருப்பார். மேரிப் பதிவேடு எழுத மறுத்ததை அவர்களால் சொல்ல முடியும். எத்தனை பிள்ளைகளை ஏந்தினார்கள், அழாத பிள்ளைக்கு என்ன செய்தார்கள், அழுத பிறகும் பிழைத்தும் நடக்காமற்போன பிள்ளைகளைப் பற்றி மனத்துக்குள் என்ன நினைத்தார்கள் என்று அவர்களை அமரவைத்து, ஒரு வாய் காபி கொடுத்து, கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதி, ஊரும் தேதியும் குறித்து வையுங்கள். தாமதிக்க வேண்டாம், அவர்களுக்கு வயதாகிவிட்டது.